கால் அரோகரா

பேத்துப்பாறை மகாதேவி மந்திரம் சொன்னால்தான் அந்தக் கார் மலையேறுகிறது என்று பெருமாள்மலையில் ஒரு பேச்சு கிளம்பியது. பின்சீட்டில் கண்ணாடி போட்ட ஓர் ஆள் உட்கார்ந்து மந்திரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறானாம். ஏற்றி முடித்ததும் மெட்ராஸிலிருந்து எல்லாக் காருக்கும் அதை அனுப்பிவிடுவார்களாம். அப்புறம் டிரைவர்களுக்கு என்ன வேலை?

பேச்சைக் கிளப்பியவர் டீக்கடை திருமலைச்சாமி. அவரிடம் சாட்சியங்கள் இருந்தன. காருக்கு உடம்பெல்லாம் வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளை ஒட்டுப்போட்டிருந்தது. நம்பர் பலகை சிவப்பு. மற்ற சீட்டுகளில் ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டைகள், ஒவ்வொன்றுக்கும் சீட்பெல்ட். வளைவுக்கு வளைவு மகாதேவியின் உதடுகள் அசைவதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். மூட்டைக்கு பெல்ட் போட்டு மந்திரமும் சொன்னால் அது என்ன சமாச்சாரம் என்று தனக்குத் தெரியும் என்றார். என்னவென்று மட்டும் சொல்லவில்லை. டீ விற்கிறவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட மாட்டார்.

விசாரித்ததில் பேச்சு முக்கால்வாசி உண்மையாக இருந்தது. வதந்திகள் வழக்கமாக எடுக்கிற மதிப்பெண் இல்லை இது. உதடு அசைந்தது உண்மை. பின்சீட்டு ஆள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது உண்மை. சொன்னது மந்திரமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அதைத் தீர்க்க மகாதேவியின் கதைக்குள் போக வேண்டும்.

மகாதேவிக்கு நாற்பத்தி மூன்று வயது. பேத்துப்பாறையில் கேரட் கழுவும் களத்தில் தினக்கூலிக்கு நின்றவள். புருஷன் பொன்னுச்சாமி ஜீப் ஓட்டினார். சர்க்கரை அவர் கண்ணுக்குள் போய், எதிரே வரும் பஸ்ஸும் பாறையும் ஒரே நிறமாகத் தெரிய ஆரம்பித்தபோது, ஜீப்பை விற்பதா, மகாதேவி ஓட்டுவதா என்ற கேள்வி வந்தது. வாங்க வந்தவன் ஜீப்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், அவளே ஓட்டுவது என்று முடிவானது. முதல் ஒரு மாதம், ஏறியவர்கள் குதிக்க வசதியாகக் காலை வெளியே வைத்தபடியே பயணம் செய்தார்கள். இரண்டாம் மாதம் ஒரு காலை உள்ளே எடுத்தார்கள். பதினைந்து வருஷத்தில் அந்த ஜீப்பில் தூங்காத ஆள் பேத்துப்பாறையில் இல்லை.

பொன்னுச்சாமி இப்போது வீட்டில் இருக்கிறார். கண் போன பிறகு அவருடைய காது தனி அலுவலகம் நடத்துகிறது. மகாதேவி எந்த வளைவில் எந்த கியருக்கு வருகிறாள் என்பது வீட்டிலிருந்தே அவருக்குத் தெரியும். கிளட்சைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால், வீடு வந்ததும் விசாரணை உண்டு.

அந்த ஜீப்பில் ஒரு பழக்கம் படிந்தது. பழனியில் சாமி கும்பிட்டுவிட்டுக் கொடைக்கானல் பார்க்க வரும் கூட்டம் வளைவுக்கு வளைவு கோஷம் போடும். முன்சீட்டுக்காரர் ‘வெற்றிவேல் முருகனுக்கு’ என்று இழுப்பார். பின்னால் இருப்பவர்கள் ‘அரோகரா’ என்பார்கள். பழைய டீசல் வண்டிக்கு மிதித்த உடனே இழுவை வராது. மகாதேவி ‘முருகனுக்கு’ முடியும்போது மிதிப்பாள். ‘அரோகரா’ முடியும்போது வண்டி பதில் சொல்லும். ஆள் இல்லாமல் வெறும் ஜீப்பை ஓட்டும்போதும், அவள் வாய்க்குள் அரோகரா ஓடும். அவளுக்கு அது பக்தி மாதிரியும் இருந்தது, கடிகாரம் மாதிரியும் இருந்தது. இரண்டையும் பிரிக்க அவள் முயன்றதில்லை.

இந்தப் பெண்மணியைத் தேடித்தான் கோகுல்ராஜ் வந்தான். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக் குடும்பம். தக்காளி பேரம் பேசத் தெரியாததால் இன்ஜினியரிங் படிக்க வைத்துவிட்டார்கள். சென்னையில் ஒரு கார்க் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை ஏறி இறங்க, மலை தெரிந்த ஓட்டுநர் ஒருவர் வேண்டும். ஆறு மாத வேலை. கார் தேறினால் சோதனைக் கூடத்தையே இங்கே நிரந்தரமாக வைப்பார்கள். அப்போது தலைமை ஓட்டுநர் மகாதேவிதான். ஜீப்புக்குத் தகுதிச் சான்று முடிய ஒரு வருஷம்கூட இல்லாத நேரம். அவள் ஜீப்புக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு, வரிக்குதிரையில் ஏறினாள்.

என்ன கார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோல் இன்ஜினைச் சின்னதாக்கினால் எண்ணெய் மிச்சம். ஆனால் மலையில் திணறும். அதற்கு டர்போ என்று ஒன்று உண்டு. இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு காற்றாடி சுற்றும்; அந்தச் சுழற்சி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கும்; சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும். சிக்கல் என்னவென்றால், கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து வரும்போது புகையும் குறைந்திருக்கும். இழுவை தேவைப்படும் அந்த நொடியில்தான் காற்றாடி சோம்பிக் கிடக்கும். இந்தக் காரில் அந்தக் காற்றாடியின் அச்சில் ஒரு சின்ன மின்மோட்டார் வைத்திருந்தார்கள். மிதித்த உடனே மோட்டார் அதைச் சுற்றிவிடும்; புகை வந்து சேர்ந்ததும் விலகிக்கொள்ளும். மோட்டாருக்கென்று சீட்டுக்கு அடியில் கைப்பெட்டி அளவில் ஒரு பேட்டரி. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது அது நிரம்பும், ஏற்றத்தில் செலவாகும்.

கோகுல்ராஜ் இதைப் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கினான். மகாதேவி கேட்டுவிட்டுச் சொன்னாள்: “ஈர விறகு அடுப்பு மாதிரின்னு சொல்லுங்க தம்பி. பத்திக்கிட்டா அதுவா எரியும். பத்துற வரைக்கும் ஒருத்தி குனிஞ்சு ஊதணும். அந்த ஒருத்தி இங்க கரண்டுல ஓடுறா.”

அவன் அதை எழுதிக்கொண்டான். பிற்பாடு சென்னையில் நடந்த கூட்டத்தில் அது பெரிய கைத்தட்டல் வாங்கியதாகக் கேள்வி. யார் சொன்னது என்ற விவரம் படத்தில் இடமில்லாமல் போய்விட்டது.

சோதனைப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. மிதித்ததிலிருந்து இழுவை வரும்வரை உணர்ந்த தாமதம், ஒன்றிலிருந்து பத்துக்குள். முதல் நாளே மகாதேவி அங்கே மாட்டிக்கொண்டாள். ஏழு என்றால் என்ன ஏழு என்று கேட்டாள். நீங்கள் உணர்வதுதான் என்றான் அவன். தான் உணர்வது ஏழில் இல்லை, அரோகராவில் என்றாள். ஜீப் என்றால் ஒரு முழு அரோகரா. சாதாரண டர்போ கார் என்றால் முக்கால். இந்தக் கார் ‘அ’ என்று வாயைத் திறக்கும்போதே வந்துவிடுகிறது, கால் அரோகராதான்.

கோகுல்ராஜ் சிரித்தான். அப்புறம், சிரித்ததற்குப் பரிகாரமாக, நிறுத்துகடிகாரத்தை எடுத்து அவளுடைய அரோகராவை அளந்தான். ஒன்று புள்ளி ஆறு நொடி. நாற்பது முறை அளந்தான். நாற்பது முறையும் அதே. கம்பெனி பொருத்திய கருவிகூடப் பனியில் கொஞ்சம் முன்னே பின்னே காட்டியது, மகாதேவி காட்டவில்லை. அவன் மரியாதையோடு படிவத்தில் ‘0.25 A’ என்று நிரப்பி அனுப்பினான்.

தலைமை அலுவலகத்தில் A என்றால் ஆம்பியர். கால் ஆம்பியர் மின்சாரத்தில் டர்போவைச் சுற்றும் மோட்டாரை உலகத்தில் யாரும் செய்ததில்லை. ஒரு மேலாளர் வாழ்த்து அனுப்பினார். அவருக்கு மேலே இருந்தவர் அந்த வாழ்த்துக்கு வாழ்த்து அனுப்பினார். மூன்றாம் நாள் யாரோ ஒரு கணக்கு தெரிந்த பெண் விளக்கம் கேட்டாள். விளக்கம் போனது. அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் வாழ்த்து இல்லை. சோதனை ஓட்டத்தின்போது ஓட்டுநர் எந்தவிதமான கோஷமும் எழுப்பக் கூடாது என்று இருந்தது.

கோஷம் இல்லாமல் மகாதேவியால் அளக்க முடியாது. ஆகவே சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் அசைத்தாள். திருமலைச்சாமி பார்த்தது இதைத்தான். அவர் பேரில் பெரிய தப்பில்லை.

இரண்டு மாதம் ஓடியது. காரை மகாதேவிக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜீப் காதில் விழுந்துவிடும் என்பது போல நடந்துகொண்டாள். ஆனால் கால் மாறிவிட்டது. பதினைந்து வருஷமாக வளைவுக்கு முன்னால் மிதித்து, மேலே யார் வருகிறார்கள் என்று பார்த்து, இழுவை வருவதற்குள் பஸ் எங்கே இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்ட கால், இப்போது கணக்கை விட்டுவிட்டது. வேண்டும்போது மிதித்தால் போதும்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது நடை. விடுமுறைக் கூட்டம். பழனிப் பாதையில் சவரிக்காட்டுக்கு மேலே ஒரு சுற்றுலா பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பஸ் நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். அதன் பின்னால் மகாதேவியும் நின்று, மிதித்து, நகர்ந்து, மறுபடி நின்றாள். பத்துப் பன்னிரண்டு வளைவுகள் இப்படியே. கோகுல்ராஜ் பின்சீட்டில் மடிக்கணினிக்குள் தலையை விட்டிருந்தான்.

ஒரு நேர் துண்டு வந்தது. சின்னதுதான், ஆனால் இந்தக் காருக்குப் போதும். அவள் வலது பக்கம் எடுத்து மிதித்தாள். உதடு அசைந்தது. கால் அரோகரா ஆனது. ஒன்றும் வரவில்லை. அரை ஆனது. பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கார் நடந்துகொண்டிருந்தது. முழு அரோகரா முடிந்து இரண்டாவது தொடங்கியபோது, மேல் வளைவிலிருந்து ஒரு காய்கறி வேன் இறங்கியது.

வேன்காரர் ஹாரன் அடிக்கவில்லை. திட்டுவதற்குக் கையும் நீட்டவில்லை. வண்டியை மலைப்பக்கம் ஒடித்து இரண்டு சக்கரத்தையும் வாய்க்காலில் இறக்கினார். பீன்ஸ் மூட்டைகள் பாறையில் உரசிக் கிழிகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் இழுவை வந்தது. மகாதேவி பஸ்ஸைக் கடந்து, இடது பக்கம் சேர்ந்து, அடுத்த வளைவில் திரும்பினாள். கண்ணாடியில் பார்த்தபோது வேன் தெரியவில்லை, பஸ்தான் தெரிந்தது. நிறுத்த இடமும் இல்லை.

“ரோடு மோசங்களாக்கா?” என்று கோகுல்ராஜ் தலையைத் தூக்காமல் கேட்டான்.

திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. பேட்டரி தீர்ந்தது ஒரு வரியாகப் பதிவாகியிருந்தது. பக்கத்தில் ‘இயல்பு’ என்று அதுவே எழுதிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் தொடர்ந்து செலவு செய்தால் பேட்டரி தீரும், தீர்ந்தால் மோட்டார் உதவாது; மோட்டாரை நம்பிப் பெரிதாக வைத்த காற்றாடி சாதாரண டர்போவைவிட மெதுவாகத்தான் எழும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மகாதேவிக்கும் முதல் நாளே படம் போட்டுச் சொன்னதுதான். தெரிந்தது மண்டையில் இருந்தது, ஓட்டியது கால்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பொன்னுச்சாமி கேட்டார். கார் சத்தம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, கதவைச் சாத்திய சத்தம் சரியில்லையே என்றார். அவள் சொன்னாள். சோற்றைப் போட்டுக்கொண்டே, ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் முழுசும் சொன்னாள். மலைப்பாதையில் முந்தக் கூடாது என்பது சோதனை ஓட்டுநருக்கு முதல் விதி. அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நடந்தது கம்பெனிக்குத் தெரியாது; அவள் சொன்னால்தான் உண்டு.

“சொன்னா சோலி போயிரும்,” என்றார் பொன்னுச்சாமி.

“போயிரும்.”

“ஜீப்பு தார்ப்பாயிக்கு அடியிலதான கெடக்கு,” என்று அவர் சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

அவர் சொன்னது ஆறுதலா, எச்சரிக்கையா என்று மகாதேவி வெகுநேரம் யோசித்தாள். ஜீப் அவளை ஒருநாளும் ஏமாற்றியதில்லை என்பது ஞாபகம் வந்தது. அது ஏமாற்றும் அளவுக்கு அவளுக்கு எதையும் கொடுத்ததில்லை. தாமதம் தாமதமாகவே இருந்தது. அதைச் சுற்றி ஒரு புத்தியைக் கட்டிக்கொண்டு அவள் வாழ்ந்தாள். இந்தக் கார் அந்தப் புத்தியை இரண்டே மாதத்தில், வலிக்காமல், வாங்கி வைத்துக்கொண்டது. பழனி அடிவாரத்தில் வாடகைக்கு எடுத்து, பிள்ளைகுட்டிகளோடு மேலே வருகிறவனுக்கு இரண்டு மாதம்கூட வேண்டாம். முதல் ஐந்து வளைவு போதும்.

மறுநாள் வெள்ளனே, கோகுல்ராஜ் மூட்டைகளுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவன் முதலில் புரியாமல் பதிவுகளைத் தேடினான். நேரத்தை அவளே சொன்னாள். அந்த இடத்தில் மிதி அழுந்தியிருந்தது, இழுவை இரண்டரை நொடி கழித்து வந்திருந்தது, வண்டி வலது பக்கம் போய்த் திரும்பியிருந்தது.

“பேட்டரி தீர்ந்தா வராதுன்னு சொன்னேனுங்களேக்கா.”

“சொன்னீங்க தம்பி. வராதுன்னு தெரிஞ்சா நான் போக மாட்டேன். வரும் வரும்னு பழக்கிவிட்டுட்டு, ஒரு நா மட்டும் வராமப் போனா நான் என்ன பண்ண?”

அவன் அடுத்த மூட்டைக்கு பெல்ட்டை இறுக்கினான். நல்ல பையன்; அவளுடைய வேலையைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தான். முந்தியதாக எழுத வேண்டாம், இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன ஆகும் என்று ஓட்டுநர் கற்பனை செய்து பார்த்தார் என்று எழுதிவிடலாம் என்றான். இந்தப் பதிவை யாரும் தோண்டப் போவதில்லை.

மகாதேவி தலையை ஆட்டினாள். “கற்பனைன்னு எழுதுனா அவுகளும் கற்பனையாத்தான் சரி பண்ணுவாக. நடந்ததுன்னு எழுதுங்க.”

எழுதினான். ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பத்தி. முதல் பத்தியில், ஓட்டுநர் சுட்டிக்காட்டிய குறை மிக முக்கியமானது, இதற்காக நிறுவனம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. இரண்டாம் பத்தியில், விதியை மீறி முந்தியதற்காக அவர் இன்றிலிருந்து விடுவிக்கப்படுகிறார். இரண்டையும் எழுதியது ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கையெழுத்து. இரண்டிலும் ஒரு தப்புச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் அழகு.

மாதம் ஒன்று கழித்து, கோகுல்ராஜ் காரைப் பேத்துப்பாறைக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். மேலிடத்துக்குத் தெரியாமல் வந்தான் என்பது அவன் நிறுத்திய மறைவிலிருந்தே தெரிந்தது. மோட்டாரை ஆளும் நிரலை மாற்றியிருந்தார்கள். இப்போது அது பேட்டரியை முதல் வளைவுகளிலேயே கொட்டித் தீர்ப்பதில்லை. ஏற்றம் எவ்வளவு என்று பார்த்து, கடைசி வளைவு வரைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. குறையக் குறைய, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. மகாதேவி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போய் வந்தாள். கால் அரோகரா போய்விட்டது. அரை. எல்லா வளைவிலும் அரை.

எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். பொன்னுச்சாமி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“முன்னாடி புது மாப்ள மாதிரி விழுந்தடிச்சு ஓடியாந்துச்சு,” என்றாள் மகாதேவி. “இப்பப் புருசன் மாதிரி. மெதுவாத்தான் வருது. ஆனா வருது.”

“வந்த புருசனுக்கு ஒரு காப்பி கெடைக்குமா?” என்றார் பொன்னுச்சாமி.

கோகுல்ராஜ் படிவத்தை எடுத்து ஏதோ எழுதினான். இந்த முறை என்ன அலகில் எழுதினான் என்று தெரியவில்லை.

சோதனைக் கூடம் இங்கே வரவில்லை. வேறு ஏதோ மலைக்குப் போனதாகச் சொல்கிறார்கள். மகாதேவி தார்ப்பாயை உதறிவிட்டு ஜீப்புக்குத் திரும்பினாள். தகுதிச் சான்றுக்கு வண்டியைத் தேற்றும் வேலையில் பாதிச் சேமிப்பு போனது. கால் பழைய புத்திக்குத் திரும்ப மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் வீட்டில் தினமும் விசாரணை.

அவளை உறுத்தியது வேறு. மலையேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம், பலகையே இருக்கிறது. ஆனால் தப்பாக ஏறுகிற வண்டிக்கு ஒருவர் வாய்க்காலில் இறங்கி வழிவிட்டால், அது சட்டத்தில் வராது. அது கடன். இந்த மலை ஓட்டுநர்கள் அதை ‘வழிப்பாக்கி’ என்பார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் தீராது. நன்றி சொன்னால் அசிங்கம். அடுத்த முறை ஏற்றத்தில் அவரைப் பார்க்கும்போது, நமக்கு உரிமையுள்ள வழியை விட்டு, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, விளக்கை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அவர் கடந்து போக வேண்டும். அவ்வளவுதான்.

வேனின் முன்கண்ணாடியில் ‘அன்னக்கொடி துணை’ என்று மஞ்சளில் எழுதியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். விசாரித்தாள். கொடைக்கானலுக்கு மேலே போளூரில் அன்னக்கொடி என்ற அம்மாளுக்கு மூன்று மகன்கள். மூன்று பேருக்கும் மூன்று வேன். மூன்றிலும் அதே மஞ்சள், அதே எழுத்து. மூவரும் பீன்ஸும் பூண்டும் ஏற்றி ஒட்டன்சத்திரத்துக்கு இறங்குகிறவர்கள். எந்த மகன் என்று போளூருக்குப் போய்க் கேட்கலாம். கேட்டால் அது நன்றி சொன்னதாகிவிடும்.

ஆகவே மூன்று வேனுக்கும் நிறுத்தினாள். மூத்தவர் விளக்கைப் பார்த்ததும், ஏதோ வண்டி ரிப்பேர் என்று நினைத்து இறங்கி வந்து, ஜாக்கி வேண்டுமா என்று கேட்டார். இவர் இல்லை. நடு மகன் அவள் விட்ட வழியில் நன்றாக, அகலமாக, ஹாரன் அடித்துக்கொண்டு போனார். இவரும் இல்லை.

மூன்றாமவரின் வேனில் இடது பக்கம் நெடுகத் தகரம் உரசி, வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. மேல் வளைவில் அது தெரிந்ததும் மகாதேவி ஜீப்பை ஓரம் கட்ட ஸ்டியரிங்கை ஒடித்தாள். அதற்குள் அவர் நின்றிருந்தார். மலைப்பக்கம் ஒட்டி, தாராளமாக இடம் விட்டு, விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதுதானே சட்டம். ஜீப்பில் பத்துப் பேர். பின்னால் இரண்டு கார் ஹாரன் அடித்தது. அவள் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கடக்கும்போது திரும்பிப் பார்த்தாள். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது நாலு முறை நடந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் நிறுத்துவதற்கு அரை நொடி முன்னால் அவர் நின்றுவிடுகிறார். பொன்னுச்சாமியிடம் சொன்னதற்கு, வேன்காரருக்கு விஷயம் தெரியும் போல, வேண்டுமென்றே செய்கிறார் என்றார். அப்படியானால் பாக்கி கூடிக்கொண்டே போகிறதே என்றாள் மகாதேவி.

கடைசியாக விசாரித்தவரைக்கும் பாக்கி ஐந்து.